ஒரு ‘லாம்’ போதும்

அன்புள்ள அண்ணா,

கடல் ஏறி மூழ்கும் ஆபத்தில் இருக்கிற பசிபிக் தீவு நாடான துவாலு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் குவீன்ஸ்லாந்தில், மெக்கே பக்கம், ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இன்ஜினியர். சுமார் 11,000 பேர் இருக்கிற ஒரு நாடு, 2019இல் தன் ஊரில் மாநாட்டைக் கூட்டி, ‘புதுச் சுரங்கம் தோண்டாதே’ என்று ஆஸ்திரேலியாவுக்கே பாடம் எடுத்ததைப் பெரிய வீரமாக எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் என்ன ஆனது? தலைவர்களின் அறிக்கையில் நிலக்கரியை நிறுத்தச் சொல்லும் வரியே இல்லை. எங்கள் பணத்தை வாங்கிக்கொண்டார்கள், இப்போது எங்கள் விசாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். நாங்கள் வெட்டும் கரி பெரும்பாலும் இரும்பு உருக்கத்தான் போகிறது, அது இல்லாமல் உங்கள் வீட்டுக்குக் கம்பி எங்கிருந்து வரும்? எல்லாம் மேடை நாடகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் துவாலு போயிருக்கிறீர்களா?

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

தப்பாக நினைக்க இதில் ஒன்றுமில்லை. இரும்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, கரி இல்லாமல் பெரிய அளவில் இரும்பு உருக்கும் வழி இன்னும் பரவலாகவில்லை. பிரிஸ்பேனில் உட்கார்ந்து இதைத் தட்டச்சு செய்யும் எனக்கும் மின்சாரம் பாதிக்கு மேல் கரியிலிருந்துதான் வருகிறது. ஒருமுறை உங்கள் ஊர்ப்பக்கம் வந்தபோது ஹே பாயிண்ட் துறைமுகத்தை மேட்டில் நின்று பார்த்தேன். கடலுக்குள் கிலோமீட்டர் கணக்கில் நீளும் பாலம், அதன்மேல் ஓடும் கன்வேயர், தூரத்தில் வரிசை கட்டி நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்கள். எண்ணினேன், பதினேழு. காரின் கண்ணாடியில் மெல்லிசாகக் கறுப்புத் தூசி. இதை நிறுத்தச் சொல்லி ஒருவர் கேட்டால் ஆஸ்திரேலியப் பிரதமர் எவரும் உடனே தலையாட்ட மாட்டார் என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் நாடகம் என்றீர்களே, அங்கேதான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2019 ஆகஸ்டில் பசிபிக் தீவுகள் மன்றத்தின் தலைவர்கள் துவாலுவின் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் விமானத்திலிருந்து இறங்கியபோது, ஒரு தீவின் மாதிரியைச் செய்து, அதைச் சுற்றித் தண்ணீர் கட்டி, அந்தத் தண்ணீருக்குள் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடவைத்தார்கள். சரி, அது நாடகம்தான். கதவு சாத்திய அறைக்குள் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம் நடந்ததற்கு என்ன பெயர்? மன்றத்தில் பதினெட்டு உறுப்பினர்கள், ஆஸ்திரேலியாவும் அதில் ஒன்று. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் ஒரு வரி அறிக்கையில் ஏறும். துவாலுவும் மற்ற குட்டித் தீவுகளும் புதுச் சுரங்கமும் புது அனல்மின் நிலையமும் வேண்டாம் என்று எழுதச் சொன்னார்கள். நிலக்கரி, உமிழ்வுக் குறைப்பு, ஏழை நாடுகளின் பருவநிலைச் செலவுக்கான ஐ.நா.வின் பசுமை நிதி, இந்த மூன்றிலும் ஆஸ்திரேலியா முரண்டு பிடித்தது. குவீன்ஸ்லாந்து அரசு அதானியின் கார்மைக்கேல் நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கடைசி அனுமதி கொடுத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாக்குவாதம் முற்றிச் சத்தம் போட்டார்கள், சில தலைவர்கள் அழுதார்கள் என்று துவாலுவின் அப்போதைய பிரதமர் எனெலே சோபொவாகா வெளியே வந்து சொன்னார். நீங்கள் உங்கள் பொருளாதாரத்தைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள், நான் என் மக்களைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மாரிசனிடமே சொன்னதாகவும் சொன்னார்.

தலைவர்களின் அறிக்கையாக வெளிவந்த ‘கைநாகி 2’ பிரகடனத்தில் நிலக்கரியை நிறுத்தும் கோரிக்கை இல்லை. நீங்கள் சொன்னது உண்மை. 2050 பற்றி ஒரு வரி இருக்கிறது. நாடுகள் நீண்டகாலத் திட்டம் வகுக்க வேண்டும், அதில் 2050க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வுக்கான, அதாவது வெளிவிடும் கரியமில வாயுவை முழுவதும் ஈடுகட்டிவிடுவதற்கான, உறுதிமொழியும் ‘இருக்கலாம்’. இருக்க வேண்டும் என்று இல்லை, இருக்கலாம். வீட்டுப் பத்திரம் எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த ‘லாம்’ எவ்வளவு பெறும் என்று தெரியும். ஒரு பிராந்தியத்தையே அதிகம் செய்யவைக்க நினைக்கும் சின்ன அரசுக்கு இதுதான் தலைவலி. உலக மாநாட்டில் கத்தினால் யார் காதிலும் விழாது, பக்கத்து வீட்டுக்காரர்களோடு உட்கார்ந்தால் நிச்சயம் விழும், ஆனால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களில் ஒருவர்தான் கரி வியாபாரி, அவர் கையெழுத்து இல்லாமல் காகிதம் நகராது.

அப்புறம் எதற்கு முட்டிமோத வேண்டும்? கரி வியாபாரி எந்தச் சொல்லுக்குப் பயப்படுகிறார் என்று ஊரறிய வெளியே வந்துவிடுகிறதே, அதற்காகத்தான். அந்த வாரம் நம் துணைப் பிரதமராக இருந்த மைக்கேல் மெக்கார்மக் பேசியது நினைவிருக்கிறதா? அவர்கள் எப்படியும் பிழைத்துக்கொள்வார்கள், அவர்களுடைய ஆட்கள் இங்கே வந்து நம் பழங்களைப் பறிக்கிறார்களே என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார். அறிக்கையிலிருந்து நிலக்கரியை எடுத்துவிட முடிந்தது, இந்தப் பேச்சை எடுக்க முடியவில்லை. பணம் பணம் என்கிறீர்கள், மாநாட்டுக்கு முன்னால் மாரிசன் அறிவித்த 50 கோடி டாலரும் ஏற்கனவே இருந்த உதவித்தொகைக்குள் ஒதுக்கியதுதான், புதுக் காசு இல்லை. எவ்வளவு பணம் மேஜையில் வைத்தாலும் சுரங்கம் திறக்க அது சாக்கு ஆகாது என்றார் சோபொவாகா. அடுத்த மாதமே தேர்தலுக்குப் பிறகு அவர் பதவி போய்விட்டது, ஊரில் அவருக்கு எல்லோரும் மாலை போட்டுக்கொண்டிருக்கவில்லை. இதை என் கட்டுரையில் விட்டுவிட்டேன், விட்டிருக்கக் கூடாது.

கதை அங்கே முடியவும் இல்லை. அதே 2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்த சில மாணவர்கள் பருவநிலை விஷயத்தைச் சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மன்றத்தின் அரசுகளுக்கு எழுதினார்கள். இன்னொரு பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் அரசு அதைக் கையில் எடுத்தது. நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்க 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை ஒருமனதாக ஒத்துக்கொண்டது. 2025 ஜூலை 23 அன்று நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் இருக்கும் அந்த நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து சொன்னது. பருவநிலையைக் காக்க ஓர் அரசு உரிய நடவடிக்கை எடுக்கத் தவறினால் அது சர்வதேசச் சட்டப்படி தவறாகலாம், புதைபடிவ எரிபொருளை எடுப்பது, அதைத் தேட உரிமம் தருவது, மானியம் கொடுப்பது எல்லாம் அதில் அடங்கும் என்றது. அதுவும் ‘லாம்’தான், ஆனால் நீதிபதிகள் போட்ட ‘லாம்’. அது யாரையும் கட்டுப்படுத்தாது, உங்கள் சுரங்கத்தை நாளைக்கு மூடிவிடாது. ஆனால் ஃபுனாஃபுட்டியில் அறிக்கையிலிருந்து அடித்து நீக்கிய விஷயம் ஆறு வருடத்தில் ஹேக்கில் ஏறியிருக்கிறது.

விசா பற்றி எழுதியதுதான் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. நீங்களும் நானும் எந்த வரிசையில் நின்று இங்கே வந்தோம்? ஆஸ்திரேலியாவும் துவாலுவும் 2023இல் கையெழுத்திட்ட ஃபலெபிலி ஒப்பந்தப்படி துவாலுக்காரர்களில் வருடத்துக்கு 280 பேருக்கு இங்கே இடம். 2025இல் முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தினரையும் சேர்த்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தாரைச் சொந்தம்போலப் பார்த்துக்கொள்வதற்குத்தான் அவர்கள் மொழியில் ஃபலெபிலி என்று பெயர். பதிலுக்கு, வேறு நாட்டோடு துவாலு பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் செய்வதானால் ஆஸ்திரேலியாவின் சம்மதம் வேண்டும். இனாமாக எதுவும் கிடைத்துவிடவில்லை. எனக்கு இந்த ஒப்பந்தத்தில் பிடித்த ஒரே வரி, கடல் ஏறினாலும் துவாலு ஒரு நாடாகவே நீடிக்கும் என்பது. அதில் ‘லாம்’ இல்லை.

வேலையை விடச் சொல்வேனோ என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். சொல்ல மாட்டேன், நான் சுவிட்சைப் போட்டுக்கொண்டே அதைச் சொல்ல முடியாது.

துவாலு போனதில்லை. பிரிஸ்பேனிலிருந்து ஃபிஜிக்குப் போய், அதன் தலைநகர் சுவாவில் தங்கி, வாரத்தில் சில நாட்கள் மட்டுமே போகிற விமானத்தைப் பிடிக்க வேண்டும். ஒருமுறை டிக்கெட் வரை பார்த்தேன், விலையைப் பார்த்து மூடி வைத்துவிட்டேன். அங்கே சாயங்காலம் ஓடுபாதையில்தான் பந்து விளையாடுவார்களாம், ஊரிலேயே அகலமான இடம் அதுதான். விமானம் வருகிறது என்றால் சைரன் ஊதுவார்கள், ஒதுங்கிக்கொள்வார்கள். நீங்கள் போவதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து போவோம். சம்பளம் உங்களுக்குத்தான் அதிகம்.