மெதுவாக ஓட்டினால் சக்கரம் தேயாதா?

கேள்வி: பதுளைக் கோச்சியில் போனால் ஒவ்வொரு வளைவிலும் இரும்பு கீச்சிடுகிறது. நம்ம மட்டக்களப்புக் கோச்சியோ வெலிக்கந்தை தாண்டி நேர்பாதையில் வரும்போது பக்கவாட்டில் ஆடுகிறது. வளைவில் இன்னும் மெதுவாக ஓட்டி, பழைய பெட்டிகளைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கினால் இரண்டும் தீர்ந்துவிடாதா? (வாசகர், ஏறாவூர்)

பதில்: தீராது. மெதுவாகப் போனாலும் சக்கரம் தேயத்தான் செய்யும், ஏனென்றால் தேய்வுக்கு முதல் காரணம் வேகம் இல்லை. மாட்டுவண்டியில் இரண்டு சில்லும் தனித்தனியாகச் சுழலும். கோச்சியில் அப்படியில்லை, இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் ஒன்று எத்தனை சுற்றோ மற்றதும் அத்தனை சுற்றுத்தான். மலைநாட்டுப் பாதையில் சுமார் 100 மீற்றர் ஆரமுள்ள வளைவுகள் உண்டு. அப்படியொரு வளைவு கால்வட்டம் திரும்பினால் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட இரண்டே முக்கால் மீற்றர் நீளம். இதைச் சமாளிக்கத்தான் சக்கரத்தின் முகத்தை உட்பக்கம் பெருத்து வெளிப்பக்கம் சிறுக்கும்படி 20-க்கு 1 என்ற மாதிரிச் சரிவாகக் கடைகிறார்கள்: அச்சு வெளிப்பக்கம் நகர்ந்தால் வெளிச் சக்கரம் தன் பெரிய விட்டத்தில் உருளும். ஆனால் 90 சென்ரிமீற்றர் விட்டச் சக்கரம் அந்த வளைவில் வழுக்காமல் உருள அச்சு ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர் நகரவேண்டும், இருக்கிற இடைவெளியோ ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். மிச்சத்துக்கு முன் அச்சின் வெளிச் சக்கரம் உட்பக்கம் துருத்திநிற்கும் தன் விளிம்பைத் தண்டவாளத்தின் பக்கத்தில் முட்டி உரசிக்கொண்டு போகிறது. வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் போட்டிருப்பார்கள், அதில் அளவுக்கு மீறி மெதுவாகப் போனால் பாரம் கூடுதலாக உள் தண்டவாளத்தில் சாய்ந்து அதுவும் நசுங்கும்.

அப்புறம் நேர்பாதை ஆட்டம். அதே சரிவுதான் அங்கே அச்சை இடமும் வலமுமாக அலையவைக்கிறது, 1883-இலேயே கிளிங்கல் என்ற ஜெர்மன்காரர் இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். சக்கரம் தேயத்தேய அந்தச் சரிவு கூடும், அலைச்சலும் கிட்டக்கிட்ட வரும். அச்சை இறுக்கிப் பிடித்தால் நேரில் ஆடாது, வளைவில் திரும்பாது. தளர்த்தினால் வளைவில் திரும்பும், நேரில் ஆடும். புதுப்பெட்டி வாங்கினாலும் இந்த இழுபறி கூடவே வரும். தென்னாபிரிக்காவில் ஷெஃபல் என்ற பொறியியலாளர் 1970-களில் பெட்டிக்கு அடியில் ஒரே சட்டத்திலுள்ள இரண்டு அச்சுகளையும் குறுக்காகப் பிணைத்து, வளைவில் ஒன்றையொன்று திருப்பவும் நேரில் ஒன்றையொன்று அடக்கவும் வழி செய்தார். வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கவேண்டும், நிறத்தையும் இருக்கையையும் மட்டும் பார்த்து வாங்கக்கூடாது.

ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வளைவு தொடங்குமுன் தண்டவாளத்தோடு ஒரு கிறீஸ் பெட்டி வைக்கலாம்: போகிற சக்கரம் சின்ன முளையொன்றை அமுக்கும், கொஞ்சம் கிறீஸ் தண்டவாளத்தின் உட்பக்கத்தில் கசியும், விளிம்பு அதை அள்ளி வளைவு முழுக்கப் பூசிக்கொண்டு போகும். பக்கத்தில் மட்டும்தான் பூசவேண்டும். மேல்முகத்தில் பட்டால் 44-க்கு 1 ஏற்றத்தில் இஞ்சின் வழுக்கும், இறக்கத்தில் பிறேக் பிடிக்காது. அதனால் பெட்டியை வைத்துவிட்டு மறந்துபோகிற வேலை இல்லை இது, ஆள் போய்ப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். விளிம்பு மெலிந்து கூராவதற்குள் சக்கரத்தைத் திரும்பக் கடையவும் வேண்டும். அந்தக் கடைசல் நம்ம நேர்பாதை ஆட்டத்தையும் குறைக்கும், தண்டவாளமும் ஒழுங்காக இருந்தால்.

மனு எழுதுவதென்றால் புதுப்பெட்டி கேட்டு எழுதாதீர்கள். மட்டக்களப்புக்கு வருகிற பெட்டிகளின் விளிம்பு இப்போது எத்தனை மில்லிமீற்றர், கடைசியாக எப்போது கடைந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.