பொக்குத் தக்காளிக்கு மருந்து தேடாதீர்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் 1 ஏக்கரில் ஹைபிரிட் தக்காளி போட்டு, குச்சி நட்டுக் கம்பி கட்டியிருக்கிறேன். பங்குனி வெயிலில் பூ கொட்டியதால் இரண்டு தடவை டானிக் அடித்தேன். இப்போது காய் பெரிதாக இருக்கிறது. ஆனால் கோணல், கனமில்லை. வெட்டினால் அறைகள் காலி. புழுவும் இல்லை. கடைக்காரர் கால்சியம் அடிக்கச் சொல்கிறார். அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். கால்சியம் குறைந்தால் காயின் அடிப்பக்கம்தான் கறுத்து அமுங்கும். உங்களுடையது பொக்கு. பொக்கான காயை நிரப்ப எந்த மருந்தும் கிடையாது.

அந்த டானிக் என்ன என்று டப்பாவைப் பார்த்தீர்களா? காய்பிடிப்புக்கென்று விற்பதில் பல, வளர்ச்சி ஊக்கிகள்தான். தக்காளியின் அறைக்குள் விதையும் அதைச் சுற்றிய கூழும் சேர்ந்து வளர்ந்தால்தான் இடம் நிறையும். விதை செய்யவேண்டிய வேலையை ஊக்கி செய்துவிட்டால் விதையில்லாமலே தோல் பெருக்கும், உள்ளே காற்றுதான். பூ கொட்டாமல் நின்றது, ஆனால் காய் உள்ளே நிறையவில்லை. அதை விற்ற அதே கடையில் இப்போது கால்சியமும் வாங்கச் சொல்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு பில்!

வெயிலும் காரணம்தான். பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுவிடும், விதை பிடிக்காது. யூரியா அதிகம் போனாலும் பொக்கு கூடும்; எவ்வளவு விட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை.

கேட்டிருக்க வேண்டியது, பூவுக்குள் மகரந்தம் எப்படிக் கொட்டும் என்பது. தக்காளிப் பூவின் மகரந்தப் பைகள் கூம்பாக ஒட்டி, உட்பக்கமாக வெடிக்கும். குலுங்கினால்தான் கொட்டும். கருவண்டு (மரத்தைத் துளைக்கும் பெரிய கருந்தேனீ) பூவைப் பிடித்து ரீங்காரமிட்டு அதைச் செய்கிறது. தேன் பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பெட்டி வாங்கிவைத்துப் பயனில்லை. கம்பி கட்டிய தோட்டத்தில் காலை வெயில் ஏறி பூ விரிந்ததும், 10 மணி சுமாருக்கு, குச்சியால் மேல்கம்பியைத் தட்டிக்கொண்டே நடங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். செலவு இல்லை, அதனால்தான் யாரும் சொல்வதில்லை. பூச்சி மருந்து கட்டாயம் தேவையென்றால் மாலையில் அடியுங்கள், காலையில் அடித்து வண்டைக் கொல்லாதீர்கள்.

சரி, பறித்ததை என்ன செய்வது? வாளித் தண்ணீரில் போடுங்கள். நன்றாக மேலே மிதப்பது பொக்கு. சாப்பிடலாம், தனியாக உள்ளூரில் விற்றுவிடுங்கள். மேல்கொத்துகளில் இன்னும் பூ இருந்தால் டானிக்கை நிறுத்திவிட்டு நாளைக்கே தட்ட ஆரம்பியுங்கள்.