வாசகர் கேள்வி – பதில்: பாட்டில் பேசும் ‘நான்’ யார்?

கேள்வி: மதுரையில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நெடுநாள் நோயில் கிடந்த என் தந்தை சென்ற ஆண்டு காலமானார். அவர் பிழைக்க வேண்டும் என்று என் தாயார் ஏறாத கோயில் படி இல்லை. அவர் போன பிறகு எனக்குச் சாமி கும்பிட மனம் வரவில்லை. அம்மா இன்னும் திருவாசக முற்றோதலுக்கு, நூல் முழுவதையும் கூடி ஓதும் நிகழ்ச்சிக்கு, போகிறார். என்னையும் உடன் வந்து பாடச் சொல்கிறார். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஆனால், இரவு பேருந்தில் ஊர் திரும்பும்போது கண்ணதாசனின் ‘கடவுள் மனிதனாகப் பிறக்க வேண்டும்’ பாட்டைக் கேட்டால் கண் கலங்குகிறது. காதலுக்காகச் சினிமாவில் எழுதப்பட்ட பாட்டில் நான் என் அப்பாவின் சாவைக் கேட்பது சரிதானா? நாத்திகராக இருந்து ஆத்திகரான அந்தக் கவிஞரின் எந்தக் காலத்துச் சொல்லை எடுத்துக்கொள்வது? நம்பாமல் அம்மாவோடு உட்கார்ந்து பாடுவது போலித்தனம் ஆகாதா?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: முதல் கேள்விக்குத் தயக்கமில்லாமல் ஆம் என்கிறேன். காட்சிக்காக எழுதப்பட்ட பாட்டு என்றாலும், படம் திரையரங்கை விட்டுப் போன பிறகு அது காட்சிக்குக் கட்டுப்பட்டதில்லை. அதில் பேசுகிற ‘நான்’ பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் பொதுவாகிவிடுகிறது. நீங்கள் குறிப்பிடும் பாட்டு 1963ஆம் ஆண்டு வெளிவந்த ‘வானம்பாடி’ படத்தில் வருகிறது. காதலித்து வேதனைப்பட வேண்டும், பிரிவில் மூழ்க வேண்டும் என்று கடவுளைப் பார்த்துச் சொல்லும் பாட்டு அது. பிரிவு என்று வந்துவிட்டால் அது காதலியின் பிரிவாக இருந்தாலென்ன, தகப்பனின் பிரிவாக இருந்தாலென்ன? அந்தச் சொல்லின் வழியாகத்தான் உங்கள் அப்பா அந்தப் பாட்டுக்குள் வந்திருக்கிறார். ஒன்று மட்டும் கவனத்தில் இருக்கட்டும்: ‘இந்தப் பாட்டில் எனக்கு இது கேட்கிறது’ என்று நீங்கள் சொல்லலாம், ‘கவிஞர் இதைத்தான் சொன்னார்’ என்று சொல்வதற்கு அந்தக் கண்ணீர் சான்றாகாது.

இனி அந்தப் பாட்டை இன்னும் சற்று அருகே போய்க் கேளுங்கள். அது கடவுள் இல்லை என்று சொல்லவில்லை. கடவுளுக்குத் துன்பம் தெரியாது, தெரிய வேண்டுமானால் எங்களில் ஒருவனாகப் பிறந்து பட்டுப் பார்க்கட்டும் என்கிறது. ‘இல்லை’ என்பது ஓர் ஐயம். ‘இருந்தும் சும்மா இருந்தாயே’ என்பது வேறோர் ஐயம். முதலாவதில் கோபத்துக்கு இடமில்லை, ஏனென்றால் கோபித்துக்கொள்ள எதிரே யாரும் இல்லை. இரண்டாவதில் இருப்பதெல்லாம் கோபம்தான். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, உங்களுடையது இரண்டாவது வகையோ என்று எனக்குத் தோன்றியது. நான் தவறாகக் கணித்திருக்கலாம். அதை நீங்கள்தான் சொல்ல முடியும். பாட்டு உங்களுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி இதுவென்று நினைக்கிறேன்: நீங்கள் நம்புகிறவரா இல்லையா என்று அது தீர்ப்புச் சொல்லாது, ஆனால் உங்களுக்கு இருப்பது எந்த ஐயம் என்று காட்டிக்கொடுக்கும்.

இந்த இரண்டாவது ஐயம் நம் பக்கத்து மண்ணுக்குப் புதியதன்று. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் புட்டுத் திருவிழா நடக்கிறது. வைகையில் வெள்ளம் வந்தபோது, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு வந்தியம்மைக்காக மண் சுமக்க வந்தவர் சொக்கநாதர் என்பதும், வேலையை ஒழுங்காகச் செய்யாததால் பாண்டியனிடம் பிரம்படி பட்டார் என்பதும், அந்த அடி எல்லா உயிர்கள் மீதும் விழுந்தது என்பதும் திருவிளையாடற் புராணக் கதை. கடவுள் மனிதனாக வந்து வேதனைப்பட வேண்டும் என்று ஒரு சினிமாக் கவிஞர் கேட்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே, அவரைக் கூலியாளாக்கி முதுகில் பிரம்படி வாங்க வைத்த ஊர் இது. இந்தக் கதையை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. உங்கள் கோபத்தோடு நீங்கள் தனியாக இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சுந்தரர் இதைவிடக் கடுமையாகப் பேசியிருக்கிறார். கண்பார்வை இழந்த துன்பத்தில் அவர் பாடியதாகப் பெரியபுராணம் சொல்லும் திருவாரூர்ப் பதிகத்தில், ‘அடியார் தங்கள் அல்லல் சொன்னக்கால் வாளாங்கு இருப்பீர் திருவாரூரீர், வாழ்ந்து போதீரே’ என்கிறார். அடியார் வந்து துன்பத்தைச் சொல்கிறபோது நீர் பேசாமல் உட்கார்ந்திருப்பீர், நீராவது நன்றாக வாழ்ந்துவிட்டுப் போம் என்பது பொருள். பாட்டுக்குப் பாட்டு இதே ‘வாழ்ந்து போதீரே’ வருகிறது. கோயிலில் ஓதுவார் பாடும்போது இசையின் இனிமையில் இந்தக் குத்தல் நம் காதில் விழாமலே போய்விடுகிறது.

கவிஞரின் எந்தக் காலம் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். கண்ணதாசன் திராவிட இயக்கத்தில் இருந்ததும், பின்னாளில் ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எழுதியதும் எல்லோரும் அறிந்தவை. ‘இயேசு காவியம்’ எழுதியவரும் அவரே. ஆனால் பாட்டுகளை இந்தக் கால அட்டவணைக்குள் அடுக்கிவிட முடியாது. நீங்கள் சொல்லும் பாட்டு வந்த அதே 1963ஆம் ஆண்டில் ‘ஆனந்த ஜோதி’ படமும் வந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் கடவுள் இல்லையென்று ஆகிவிடுமா என்று கேட்கும் பாட்டு அதில் இருக்கிறது. எழுதியவர் அதே கண்ணதாசன். பாடியவரும் அதே நம் மதுரைக்காரர் டி.எம். சௌந்தரராஜன். ஒரே ஆண்டில் ஒரே பேனாவும் ஒரே குரலும் கடவுளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் செய்தன, அவருக்காக வாதாடவும் செய்தன. தொழில்முறைப் பாடலாசிரியர் பாத்திரத்துக்கு ஏற்ப எழுதினார் என்று இதற்கு எளிதாக விளக்கம் சொல்லிவிடலாம். அந்த விளக்கம் பாதிதான் சரி என்பது என் கருத்து. இரண்டு பக்கத்தையும் உள்ளே உணராதவர் இரண்டையும் அவ்வளவு நன்றாக எழுதியிருக்க முடியாது.

பக்கம் மாறியவர்கள் என்றால் திருநாவுக்கரசர் நினைவுக்கு வருவார். சமண சமயத்தில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்து பிறகு சைவத்துக்குத் திரும்பியவர் அவர். ‘ஆட்டுவித்தால் ஆரொருவர் ஆடாதாரே’ என்று அவர் சிவனைப் பார்த்துப் பாடினார். கண்ணதாசன் அந்த அடியை எடுத்து, 1975இல் வந்த ‘அவன்தான் மனிதன்’ படத்தில் கண்ணனைப் பார்த்துப் பாட வைத்தார். சிவனிடமிருந்து கண்ணனிடம் போன ஒரு வரி உங்கள் அப்பாவிடம் வருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

கடைசியாக, அம்மாவோடு பாடுவது. திருவாசகம் உங்களுக்கு ஒட்டாததற்கு ஒரு காரணம், அது உறுதியாக நம்பியவரின் நூல் என்று நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதாக இருக்கலாம். மேலூருக்கு அருகிலுள்ள திருவாதவூர்க்காரரான மாணிக்கவாசகரைப் பற்றி, நரி பரியான கதை போன்ற அற்புதங்களைத்தான் நாம் குழந்தையிலிருந்து கேட்டு வருகிறோம். அவருடைய பாட்டில் இருக்கும் மனிதரோ வேறு மாதிரி. திருவாசகத்தில் வரும், உத்தரகோசமங்கையில் பாடிய ‘நீத்தல் விண்ணப்பம்’ ஐம்பது பாட்டு. ‘கடையவனேனைக் கருணையினால் கலந்து ஆண்டுகொண்ட விடையவனே விட்டிடுதி கண்டாய்’ என்று தொடங்கி, என்னை விட்டுவிடுவாயோ, விட்டுவிடுவாயோ என்று அந்த ஐம்பதிலும் கேட்டுக்கொண்டே போகிறார். விடமாட்டார் என்று உறுதியாகத் தெரிந்தவர் ஐம்பது முறை கேட்பாரா? அதே நூலின் இன்னொரு பகுதியான திருச்சதகத்தில் இன்னும் ஒரு படி போய், ‘யானே பொய் என் நெஞ்சும் பொய் என் அன்பும் பொய்’ என்று சொல்லிவிட்டு, ‘ஆனால் வினையேன் அழுதால் உன்னைப் பெறலாமே’ என்கிறார். தன்னிடம் இருப்பதாகச் சொல்லப்படும் அன்பே பொய்யோ என்று சந்தேகப்படுகிறவர் இவர். போலித்தனம் பற்றி நீங்கள் எனக்கு எழுதியதை அவர் கடவுளிடமே சொல்லிவிட்டார்.

ஆகவே முற்றோதலில் உட்கார்ந்து பாடுவது பொய்ச்சாட்சி ஆகாது என்பதே என் முடிவு. அங்கே பேசுவது மாணிக்கவாசகரின் ‘நான்’. அதற்கு உங்கள் குரலைச் சிறிது நேரம் இரவலாகத் தருகிறீர்கள், அவ்வளவே. எனினும் அம்மாவிடம் உங்கள் நிலையை மறைத்துக்கொண்டு பாடாதீர்கள். ‘எனக்கு நம்பிக்கை போய்விட்டது, ஆனால் உங்களோடு வந்து நீத்தல் விண்ணப்பம் வரைக்கும் பாடுகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். கணவரை இழந்தவர் அவர்; ‘விட்டிடுதி கண்டாய்’ என்பதை அவர் இத்தனை நாளும் எந்தக் குரலில் பாடி வருகிறார் என்பது உங்களுக்கு அப்போது தெரியவரலாம். பாடிய பிறகும் ஒன்றும் தோன்றாவிட்டால் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். இசை கேட்டுக் கண் கலங்குவதைப் பக்தி திரும்பிவிட்டதாக அவரோ நீங்களோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: கல்லூரிப் பேச்சுப் போட்டியில் கடவுள் மறுப்பைப் பற்றிப் பேசியபோது, ‘நட்ட கல்லைத் தெய்வமென்று நாலு புட்பம் சாத்தியே’ என்ற சிவவாக்கியர் பாட்டை மேற்கோள் காட்டினேன். பரிசும் கிடைத்தது. வீட்டில் என் அப்பத்தா, ‘அது சாமிப் பாட்டுடீ’ என்று சிரிக்கிறார். யார் சொல்வது சரி?
– ஒரு மாணவி, நாகமலைப் புதுக்கோட்டை

பதில்: பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், ஆனால் பாட்டை முழுவதும் படித்தவர் உங்கள் அப்பத்தாதான். ‘நட்ட கல்லும் பேசுமோ’ என்பதோடு மேடையில் நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அதே அடி ‘நாதன் உள்ளிருக்கையில்’ என்று முடிகிறது. கல்லை மறுப்பதற்கு அவர் சொல்லும் காரணமே உள்ளே நாதன் இருக்கிறான் என்பதுதான். கறி வெந்த சட்டிக்கும் கிளறிய சட்டுவத்துக்கும் கறிச்சுவை தெரியுமா என்று கேட்கும்போது, சுவை என்ற ஒன்று இருப்பதை அவர் ஒப்புக்கொண்டுதான் கேட்கிறார். சடங்கின் மீது அவருக்கு இருந்த சினத்தில் நீங்கள் தாராளமாகப் பங்கு கேட்கலாம். உங்கள் கடவுள் மறுப்புக்கு அவரைச் சாட்சியாகக் கூப்பிட்டால் மட்டும் குறுக்கு விசாரணையில் கவிழ்ந்துவிடுவார்.

பாரதியையும் இப்படித்தான் பாதியில் வெட்டுகிறோம். 1904இல் நம் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தவர் அவர். ‘காண்பதுவே உறுதி கண்டோம் காண்பதல்லால் உறுதியில்லை’ என்ற அவருடைய அடியைப் பகுத்தறிவுக் கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அதற்கு அடுத்தாற்போல் ‘காண்பது சக்தியாம்’ என்று வருவதை அங்கே யாரும் சொல்வதில்லை. எதிர்த்தரப்பாரும் சளைத்தவர்களில்லை: அந்தப் பாட்டு முழுவதும் உலகம் கனவோ, கானலோ, தோற்றப் பிழையோ என்று கேள்வி மேல் கேள்வியாக நிற்பதை விட்டுவிட்டு, முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கேள்விகள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல.

ஐயத்துக்கு இடமில்லாமல் மறுத்தே எழுதியவரைத் தேடுகிறீர்கள் என்றால் பாரதிதாசனிடம் போங்கள். திராவிட இயக்கத்துக்கு வருமுன் மயிலம் முருகனைத் துதித்துப் பாடியவர் அவர். கண்ணதாசன் போன திசைக்கு நேர் எதிர்த்திசையில் நடந்தவர். அடுத்த போட்டிக்கு இரண்டு பேரையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு பேசினால் அப்பத்தாவும் வந்து கேட்பார்.

கேள்வி: நான் ஆலயப் பாடகர் குழுவில் பாடுகிறேன். சில நாட்களாக, ‘சந்தேகமே இல்லை’ என்ற பொருளில் வரும் அடிகளைப் பாட வாய் வரவில்லை. அந்த இடத்தில் வாயை மட்டும் அசைக்கிறேன். குழுவிலிருந்து விலகிவிடலாமா?
– ஒரு வாசகி, அரசரடி, மதுரை

பதில்: விலக வேண்டாம். நீங்கள் பாடும் மரபின் அடிப்படைப் பாட்டுப் புத்தகமே உங்கள் பக்கம் நிற்கிறது. பைபிளில் உள்ள சங்கீதங்கள் 150இல் முறையீடுகள் ஏராளம். 13ஆம் சங்கீதம் ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்று தொடங்குகிறது. ‘என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்ற 22ஆம் சங்கீதத்தைச் சிலுவையில் இயேசுவே சொன்னதாகச் சுவிசேஷம் கூறுகிறது. பெரும்பாலான முறையீடுகள் கடைசியில் துதியாக மாறிவிடுகின்றன. 88ஆம் சங்கீதம் அப்படி மாறாமல், ஆறுதல் வார்த்தை ஒன்றுமில்லாமலே முடிகிறது. அதையும் நீக்காமல்தான் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, கிராமத்து மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் ஒடுக்கப்பட்டவர்களின் துயரத்தை வழிபாட்டுப் பாட்டாக்கியவர். அவருடைய பாட்டுகள் உங்கள் குழுவின் பட்டியலில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லலாம். குழுத் தலைவரிடம் நம்பிக்கையைப் பற்றி விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை. அடுத்த மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனைக்கு 13ஆம் சங்கீதத்தைப் பாட்டாகப் பயிற்சி செய்யலாமா என்று மட்டும் கேளுங்கள். வாய் வராத அடிகளை மற்றவர்கள் பாடட்டும்.