எச்சிலுக்கும் ஒரு வேலை உண்டு: கேள்வி பதில்

மண்டபம் பக்கத்தில் 26 வருஷம் உயிரியல் பாடம் எடுத்தவன் நான். உமிழ்நீர் பற்றி எதையும் கேளுங்கள் என்றேன். கூச்சப்படாமல் கேட்டிருக்கிறீர்கள்.

தேவிபட்டினம்: சார், அவிச்ச பனங்கிழங்கை மெல்ல மெல்ல இனிப்பு கூடுதே, எப்படி?

கிழங்கு முழுக்க மாவுச்சத்து. எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி அதை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது. 1831லேயே லாய்க்ஸ் என்ற ஜெர்மானியர் இதைக் கவனித்து எழுதிவிட்டார். வீட்டிலேயே பார்க்கலாம். கெட்டியான அரிசிக் கஞ்சியை வெதுவெதுப்பாக இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றில் மட்டும் ஒரு கரண்டி எச்சிலைக் கலக்குங்கள். பத்து நிமிஷம் கழித்துச் சாய்த்தால் அது தண்ணியாக ஓடும். மற்றது கரண்டியை விடாது. வகுப்பில் "ச்சீ" என்று மூக்கைப் பிடித்த பிள்ளைகள்தான் கடைசியில் டம்ளருக்குச் சண்டை போடுவார்கள். கொதிக்கிற கஞ்சியில் செய்யாதீர்கள், சூட்டில் நொதி செத்துவிடும்.

பாம்பன்: மீனும் வாயிலேயே செரிக்க ஆரம்பிச்சிருமா சார்?

இல்லை தம்பி. மீன் புரதம், அமைலேஸ் அதைத் தொடாது. புரதத்துக்கு இரைப்பையில்தான் வேலை தொடங்கும். ஆனால் எச்சில் இல்லாமல் கருவாட்டை விழுங்கிப் பாருங்கள், தொண்டையிலேயே நிற்கும். ருசியும் தெரியாது, எதுவும் ஈரத்தில் கரைந்தால்தான் நாக்குக்கு எட்டும்.

கீழக்கரை: நாலே வாயில அள்ளிப் போட்டுட்டு கடைக்கு ஓடுறேன். எச்சிலுக்கு நேரமே கிடைக்கலையே?

விழுங்கிய கவளத்துக்குள் இரைப்பை அமிலம் ஊறும்வரை அமைலேஸ் கொஞ்ச நேரம் வேலை செய்யும். மிச்சத்தைக் கணையம் தரும் அமைலேஸ் சிறுகுடலில் முடித்துவிடும். ஆகவே சோறு செரிக்காமல் போகாது. வாய்க்கு 32 தடவை மெல்லணும் என்பதெல்லாம் மிகை. ஆனாலும் கட்டி கட்டியாக விழுங்கினால் வயிறு திட்டத்தான் செய்யும்.

சின்னப்பாலம்: கடல்ல பாசி எடுக்கப் போறப்ப, முங்குறதுக்குப் போடுற கண்ணாடியில எச்சில் தேய்க்கிறோம். அது எப்படி வேலை செய்யுது?

நல்லா கேட்டே தங்கச்சி. இதில் செரிமானம் ஒன்றுமில்லை. எச்சில் மெல்லிய படலமாகப் படிவதால் உள்ளே படியும் ஈரம் துளித்துளியாக நிற்காமல் பரவிவிடும், கண்ணாடி மங்காது.

தொண்டி: அம்மாவுக்கு 68 வயசு. நாக்கு ஒட்டிக்குது, ரசம் ஊத்தினாத்தான் சோறு இறங்குது. வயசுக் கோளாறா?

வயசு மேல் பழி போட்டு விட்டுவிடாதீர்கள். சாதாரணமாக ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறும். அது குறைய, சர்க்கரை நோய் காரணமாகலாம். பிரஷர், அலர்ஜி, மனநலம் என்று பல மாத்திரைகளும் வாயை வறட்டும். அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். வாயில் சேரும் அமிலத்தைக் கழுவிப் பல்லைக் காப்பது எச்சில் என்பதால், அது குறைந்தால் சொத்தையும் சீக்கிரம் வரும். எச்சில் ஊறட்டும் என்று புளிப்பு மிட்டாய் கொடுக்கிறவர்கள் உண்டு, அது பல்லுக்கு இன்னும் கெடுதல். தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்கச் சொல்லுங்கள். ரசம் ஊற்றிச் சாப்பிடுவதில் தப்பே இல்லை, இன்னொரு கரண்டி கூடவே ஊற்றுங்கள்.