சோபாவில் சொட்டுச் சொட்டாக: பூனை வளர்ப்போர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கடுவன் பூனைக்கு நாலு வயது, கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது. ட்ரை ஃபுட் மட்டுமே சாப்பிடுவான். ஊரிலிருந்து உறவினர்கள் வந்து தங்கியதிலிருந்து லிட்டர் பாக்ஸை விட்டுவிட்டு சோபாவிலும் மிதியடியிலும் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போகிறான். உட்கார்ந்தால் வெகுநேரம் எழுவதில்லை. பழிவாங்குகிறான் என்கிறார்கள் வீட்டில். அடித்துத் திருத்தலாமா?
– கோடம்பாக்கம் வாசகி

பதில்: அடிக்கவே வேண்டாம். கடிதம் கிடைத்த அன்றே உங்களைத் தொடர்பு கொண்டு மருத்துவமனைக்குப் போகச் சொன்னோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறோம்.

மூத்திரப்பை வீங்கி எரியும்போது, லிட்டர் பாக்ஸில் உட்கார்ந்தால் வலிக்கிறது என்று பூனை நினைவில் வைத்துக்கொள்ளும். வலிக்காத இடம் தேடித்தான் மெத்தென்ற துணிக்குப் போகிறது. எல்லைக்கு அடையாளம் போடும் பூனை வேறு மாதிரி செய்யும்: நின்றபடி, வாலைத் தூக்கி நடுங்கவிட்டு, சுவரிலோ கதவிலோ பீய்ச்சும். குந்தி உட்கார்ந்து முக்கினால் அது நோய்.

கடுவனுக்கு இதில் ஆபத்து அதிகம். அதன் சிறுநீர்க்குழாய் நீளம், குறியருகே மிகவும் குறுகல். சளியும் உப்புத் துகள்களும் சேர்ந்த சிறு கட்டி ஒன்று போதும், குழாய் முழுதும் அடைத்துவிடும். வெளியேற வேண்டிய கழிவு ரத்தத்தில் தேங்கி, பொட்டாசியம் ஏறி, இதயத்துடிப்பு குலையும். முழு அடைப்பு ஏற்பட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருந்து பூனையை இழப்பவர்கள் உண்டு. திரும்பத் திரும்ப லிட்டர் பாக்ஸுக்குப் போவது, குரல் மாறிக் கத்துவது, குறியை நக்கிக்கொண்டே இருப்பது, பிறகு வாந்தி, சோர்வு என்று இது முற்றும். அடிவயிறு எலுமிச்சை போலக் கெட்டியாகத் தட்டுப்பட்டால் அழுத்திப் பார்க்காதீர்கள், பை கிழிந்துவிடலாம். விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. உங்கள் பகுதியில் இரவில் பூனை பார்க்கும் மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, எண்ணை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வையுங்கள். மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்து, மயக்கம் கொடுத்துக் குழாய் செருகி அடைப்பை எடுப்பார். சில நாள் டிரிப்ஸுடன் அங்கேயே இருக்க வேண்டிவரும்.

ஒருமுறை வந்தால் திரும்ப வரக்கூடிய நோய் இது. கேன் தண்ணீரா மெட்ரோ வாட்டரா என்று பலர் கவலைப்படுகிறார்கள். அதைவிட எவ்வளவு உள்ளே போகிறது என்பதே முக்கியம். ஒரு பூனைக்கு உணவில் உள்ளதையும் சேர்த்து எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 50 மில்லி நீர் வேண்டும். நாலு கிலோ பூனைக்கு 200 மில்லி. ட்ரை ஃபுட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம், வெட் ஃபுட்டில் முக்கால் பங்குக்கு மேல். அதனால் ஒரு வேளையாவது வெட் ஃபுட்டுக்கு மாற்றுங்கள், அதிலும் இரண்டு ஸ்பூன் வெந்நீர் கலக்கலாம். தண்ணீரை அகலமான கிண்ணத்தில், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள்.

பதற்றமும் இந்த நோயைக் கிளப்பும். விருந்தாளிகள் இருக்கும் நாட்களில் யாரும் நுழையாத ஓர் அறையை லிட்டர் பாக்ஸுடன் அவனுக்கு ஒதுக்குங்கள். ஒரு பூனைக்கு இரண்டு பாக்ஸ், இரண்டு பூனைக்கு மூன்று என்பது கணக்கு. வாஷிங் மெஷின் பக்கத்தில் வைக்காதீர்கள். தினம் இருவேளை அள்ளிவிடுங்கள். அள்ளும்போது கட்டிகளைக் கவனியுங்கள்: வழக்கமான பெரிய கட்டிகள் போய்ப் பொடிப்பொடியாக வந்தால், நோயின் முதல் தடயம் அதுதான்.

கேள்வி: நாங்கள் சைவம். பூனைக்குப் பாலும் தயிர்சாதமும் கொடுக்கிறோம். விரும்பித்தான் சாப்பிடுகிறது. இது போதாதா?
– திருவல்லிக்கேணி வாசகர்

பதில்: போதாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடல் தேவையான அளவுக்குத் தயாரித்துக்கொள்வதில்லை. அது இறைச்சி, மீனில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் அது கிடைக்காவிட்டால் விழித்திரை தேயும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இதயம் சில சமயம் தேறும், போன பார்வை திரும்பாது. பாலும் பல பெரிய பூனைகளுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும்.

வீட்டில் மாமிசம் சமைக்க முடியாது என்றால், பாக்கெட்டில் வரும் முழுமையான பூனை உணவே நேர்மையான வழி. முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது. பிறகு பாதிக்குப் பாதி என்று ஒரு வாரம், பத்து நாளில் மாற்றுங்கள். பசித்தால் தானாகச் சாப்பிடும் என்று பட்டினி போடக்கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதுவும் குண்டான பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மீன் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மத்தி, நெத்திலியைப் பச்சையாகத் தொடர்ந்து போட்டால் அதிலுள்ள நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு மீன் கூடாது, அவை ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

கேள்வி: பூனையின் வாலடியில் அரிசி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. தெள்ளுப்பூச்சியும் இருக்கிறது. நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் பாதியை விடலாமா?
– வேளச்சேரி வாசகி

பதில்: விடாதீர்கள். நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனையின் கல்லீரலால் அதைச் சிதைக்க முடியாது. சில மணி நேரத்தில் நடுக்கமும் வலிப்பும் வரும். நாய்க்கு அதை விட்டிருந்தால், முழுவதும் காயும்வரை பூனையை நாயோடு படுக்க விடாதீர்கள். ஏற்கெனவே பூனைக்கு விட்டிருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

அரிசி போல இருப்பது நாடாப்புழுவின் துண்டுகள். பூனை தன்னை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கும், அதன் வழியாகப் புழு வரும். அதனால் புழு மாத்திரை மட்டும் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். இதற்கு பிராசிக்வாண்டல் சேர்ந்த மாத்திரை வேண்டும், அளவை எடை பார்த்து மருத்துவர் சொல்வார். கூடவே பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தை மாதம் ஒருமுறை, குறைந்தது மூன்று மாதம், நக்க முடியாத பிடரியில், முடியை விலக்கித் தோலில் படும்படி விடுங்கள். மூன்று மாதம் எதற்கு என்றால், கூட்டுப்புழுக்கள் மெத்தையிலும் பாயிலும் காத்திருந்து பிறகு பொரிக்கும். நம் சென்னைப் புழுக்கத்தில் அவற்றுக்கு ஆண்டு முழுக்கப் பருவம்தான். துணிகளை வெந்நீரில் துவையுங்கள்.

பூச்சி இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால், ரோமத்தைச் சீவி விழும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம்.

கேள்வி: பூனையின் உடம்பு சுடுகிறது. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் இரண்டு சொட்டு கொடுக்கலாமா?
– பெரம்பூர் வாசகர்

பதில்: ஒரு சொட்டுகூடக் கூடாது, அது பூனைக்கு விஷம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும். பூனையின் இயல்பான வெப்பநிலையே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் என்பதால் நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும். தரை துடைக்கும் ஃபினைலும் அதற்கு ஆகாது. ஈரத் தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கும். சோப்புத் தண்ணீரில் துடையுங்கள்.

கேள்வி: தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டி பிறாண்டி லேசாக ரத்தம் வந்தது. குட்டிதானே, ஊசி அவசியமா?
– ராயபுரம் வாசகி

பதில்: அவசியம். குட்டிக்கும் வெறிநோய் வரும். ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். ரத்தம் வந்த கீறலுக்குத் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட வேண்டும். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் ஊசி என்றால் முதல் நாள், பிறகு அதிலிருந்து 3, 7, 28 நாள் கழித்து. குட்டியைப் பத்து நாள் கண்காணியுங்கள், ஆனால் அதற்காக ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். குட்டி நலமாக இருந்தால் எட்டு வார வயதில் பூனைகளுக்கான முத்தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுவிடுங்கள்.