மசாய் ஈட்டி அசல்தானா, எத்தனை வருடப் பழசு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கென்யாவிலிருந்து வந்த, மாடு மேய்க்கும் மசாய் இனத்தாரின் ஈட்டி ஒன்று கையில் இருக்கிறது, நூறு வருடப் பழசு, சிங்கத்தைக் குத்தியது என்று விற்றவர் சொன்னார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கக் கதையை முதலில் ஓரமாக வையுங்கள். கென்யாவில் 1977-லேயே வேட்டைக்குத் தடை வந்துவிட்டது. ஆனால் சிங்கம் குத்திய ஈட்டிகள் மட்டும் கடைகளில் தீர்ந்தபாடில்லை.

நைரோபியில் வேலையாக இருந்த காலத்தில் பழைய இரும்பு ஆயுதங்கள் மீது எனக்குக் கிறுக்கு உண்டு. அதில் தெரிந்துகொண்டது: அசலா என்பதும் பழசா என்பதும் வேறு வேறு கேள்விகள். மொரான் எனப்படும் இளம் வீரன் ஒருவனுக்காக 1980-ல் அடித்த ஈட்டி அசல்தான், பழசு இல்லை. சுற்றுலாப் பயணிக்காகச் செய்தது நாற்பது வருடம் சுவரில் தொங்கினாலும் சுற்றுலாப் பொருள்தான். ஆகவே முதலில், இது யார் கைக்காகச் செய்யப்பட்டது என்று பாருங்கள்.

மசாய் ஈட்டிக்கு மூன்று பாகம். முன்னால் இரும்பு அலகு, நடுவில் மரப்பிடி, பின்னால் கூரான இரும்புத் தண்டு. மரம் செருகும் குழலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கையால் அடித்ததில் இரும்பைத் தகடாகத் தட்டிச் சுருட்டியிருப்பார்கள், ஓரங்கள் சேரும் கோடு தெரியும், சிலதில் இடைவெளியே இருக்கும். ஒரே சீரான பைப்பை வாங்கி அலகோடு வெல்டிங் வைத்திருந்தால் பெரும்பாலும் விற்பனைச் சரக்கு. பெட்டியில் மடக்கி வைக்க வசதியாகத் திருகுமரை போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அது விமானம் ஏறுவதற்கென்றே பிறந்தது. பழையவையும் மூன்றாகக் கழலும்தான், ஆனால் இறுக்கிச் செருகியதாக இருக்கும், மரை இருக்காது.

அடுத்து அலகின் நடுவே ஓடும் மேடு. நல்ல ஈட்டியில் அந்த மேடு குழலிலிருந்து நுனி வரை ஓடும், இரு பக்கமும் விளிம்பை நோக்கிச் சரியும். தகட்டில் வெட்டி எடுத்தது தட்டையாகக் கிடக்கும், கிரைண்டர் ஓடிய வரிக் கீறல்களும் தெரியும். கையில் எடுத்தாலே பாதி தெரிந்துவிடும்: நல்லது பிடியில் சமநிலையாக நிற்கும், கடைச் சரக்கு ஒரு பக்கம் சாயும்.

இரும்பு எங்கிருந்து வந்தது என்பதை வைத்து அசல் தன்மையை மறுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மசாய் கொல்லர்களான இல்குனோனோ ஒரு காலத்தில் இரும்பு மணலை உருக்கினார்கள், பிறகு கடற்கரை வணிகக் கூட்டங்கள் கொண்டுவந்த தடித்த இரும்புக் கம்பியை அடித்தார்கள், இருபதாம் நூற்றாண்டில் வண்டி ஸ்பிரிங் பட்டைக்கு வந்தார்கள். நம்மூரில் லாரி பட்டையில் அடித்த அரிவாளை யாராவது போலி என்கிறார்களா? பட்டை இரும்பு காலத்தைத்தான் சொல்லும். இந்தக் கொல்லர்களைத் தீட்டுப்பட்டவர்களாக ஒதுக்கிவைத்து, அவர்கள் செய்த ஆயுதத்தைத் தொடுமுன் கொழுப்புப் பூசித் தீட்டுக் கழித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். படிக்கும்போது நமக்கு அந்நியமாகவே தோன்றாது.

துருவை நம்பி ஏமாறுபவர்கள்தான் அதிகம். மொரான்கள் அலகைத் தேய்த்து, கொழுப்புப் பூசிப் பளபளப்பாக வைத்திருந்தவர்கள். அதனால் தடித்த துரு, வயதைவிட ஈரமான கிடங்கைத்தான் காட்டும். உப்புத் தண்ணீரிலோ அமிலத்திலோ ஊறவைத்தால் சில நாளில் செம்மஞ்சள் துரு ஏறிவிடும். அது எங்கும் ஒரே நிறமாக, விரலில் ஒட்டும். உண்மையான பழந்துரு கருத்துப் பழுப்பாக, இரும்போடு ஒட்டிக் கிடக்கும். மரத்தையும் பாருங்கள்: கை பிடிக்கும் இடம் மட்டும் எண்ணெய் ஏறி மழுங்கியிருக்க வேண்டும். முழுவதும் சீராகக் கருப்பு என்றால் பூச்சு. ஈட்டியைக் குடிசை வாசலில் மண்ணில் குத்தி நிறுத்துவது வழக்கம் என்பதால், பின்முனை தேய்ந்து மொக்கையாகியிருந்தால் நல்ல அடையாளம்.

வடிவத்தை வைத்து ஓரளவு காலம் சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுப்பகுதியில் சிறிய, அகன்ற இலை வடிவ அலகும் நீண்ட மரத்தண்டும். அந்த நூற்றாண்டின் கடைசியில் அலகு நீள ஆரம்பித்தது. பிறகு இரண்டரை, மூன்று அடிக்கு வாள் போல மெலிந்து, மரம் கைப்பிடி அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு சிக்கல்: பெரியவர்கள் பின்னாளிலும் குட்டை அலகு ஈட்டியையே வைத்திருந்தார்கள். எனவே குட்டை என்பதற்காக 1850 என்று குதிக்காதீர்கள். கிளிமஞ்சாரோ பக்கத்துச் சாக்கா இனக் கொல்லர்களும் மசாய்களுக்கு அடித்துக் கொடுத்தார்கள், கென்யாவின் இன்னொரு இனமான கிக்குயுக்களின் ஈட்டியும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். கடைக்காரருக்கு எல்லாமே மசாய்!

ஆண்டு துல்லியமாக வேண்டுமானால் பொருளைவிடக் காகிதம்தான் பேசும்: பழைய ரசீது, புகைப்படம், யார் எப்போது கொண்டுவந்தார் என்ற குறிப்பு. பிரிட்டிஷ் மியூசியமும் ஆக்ஸ்ஃபோர்டு பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகமும் தங்கள் சேகரிப்பை இணையத்தில் வைத்திருக்கின்றன. எந்த ஆண்டில் கிடைத்தது என்று பதிவுள்ள ஈட்டிகளைத் தேடி உங்களுடையதோடு ஒப்பிடுங்கள்.

அதுவரை உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள், சாட்சியெல்லாம் போய்விடும். மெல்லிய எண்ணெய் தடவினால் போதும். குழலின் இணைப்புக் கோடு, அலகின் நடுமேடு, பின்முனை மூன்றையும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.