அப்பா பணி ஓய்வு பெற்றுவிட்டார். பாட்டு, படம், சபை, பேரப்பிள்ளைகள் என்று அவர் பொழுதை எப்படி அமைப்பது?

கேள்வியின் சாரம் இது: அப்பாவுக்கு 66 வயது. மார்த்தாண்டம் பக்கம் வீடு. சிஎஸ்ஐ சபைப் பாடகர் குழுவில் நெடுங்காலம் பாடியவர். பரணில் பழைய ஆர்மோனியப் பெட்டி கிடக்கிறது. வாட்டர்கலர் பழக ஆசை. பேரப்பிள்ளைகள் துபாயில். மணிவாரியாக ஓர் அட்டவணை வேண்டும் என்கிறீர்கள்.

அட்டவணை வேண்டாம். வாழ்நாளெல்லாம் மணியடித்து வேலை பார்த்தவரிடம் இன்னொரு டைம்டேபிளைக் கொடுத்தால் இரண்டு வாரம் தாங்கும். அதற்குப் பதில் இரண்டே விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: படத்துக்குக் காலை வெளிச்சம், பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை. வரும் ஞாயிறு ஆராதனையில் என்னென்ன பாட்டு என்று வியாழனுக்குள் கேட்டு வாங்கிவிட்டால் மீதி நாட்கள் தாமாக ஒழுங்குக்கு வரும். எதற்கென்று இல்லாமல் வாசிக்கிற வாசிப்பு ஒரு மாதத்தில் நின்றுபோகும். சனிக்கிழமை சாயங்காலம் பிராக்டிஸ் இருக்கிறது என்றால் நிற்காது.

பெட்டியில் ஆரம்பிப்போம். பரணிலிருந்து இறக்கியதும் ஸ்டாப் (காற்று வழியைத் திறந்து மூடும் முன்பக்கக் குமிழ்கள்) எல்லாவற்றையும் உள்ளே தள்ளி அடைத்துவிட்டுத் துருத்தியை நிறைய அடித்து நிறுத்துங்கள். உள்துருத்தி பத்து நொடியாவது காற்றைப் பிடித்து வைத்தால் பெட்டி பிழைக்கும். மளமளவென்று இறங்கினால் மடிப்பில் தோல் வெடித்திருக்கும், இல்லை எலி கடித்திருக்கும். சின்ன வெடிப்புக்கு மெல்லிய ஆட்டுத்தோல் துண்டும் மரவேலைப் பசையும் போதும். ஓர் இரவு துருத்தியை மடக்காமல் காய விட வேண்டும். செல்லோடேப் ஒட்டாதீர்கள். மடிப்பில் அது நிற்காது, அதன் பசை இளகித் தோலையும் கெடுக்கும்.

பிறகு ஸ்டாப்பைத் திறந்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பாருங்கள். அழுத்தாமலே ஒன்று ஊதிக்கொண்டிருந்தால் அதன் அடியில் துளையை மூடும் மெத்தை பூச்சி அரித்து இடைவெளி விட்டிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அழுத்தியும் ஒலி வராவிட்டால் ரீடின் (காற்றில் அதிர்ந்து ஒலி தரும் பித்தளைத் தகடு) நாக்கில் தூசி சிக்கியிருக்கும். மெல்லிய தாள் ஒன்றை நாக்குக்கும் தகட்டுக்கும் இடையில் விட்டு மெதுவாக இழுத்தால் வந்துவிடும். அழுத்திய கட்டை மேலே எழும்பாவிட்டால் மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது. நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, ஆகவே இது ஆண்டுதோறும் வரும் கோளாறு. உரசுகிற பக்கத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் போதும். அவசரப்பட்டு உப்புத்தாள் போட்டால் மரம் சுருங்கும் பங்குனியில் கட்டை ஆட்டம் காணும்.

ரீடுக்குத் தேங்காய் எண்ணெய், துரு போக்கும் ஸ்பிரே இரண்டுமே ஆகாது. எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும், நாக்கு கனத்துச் சுருதி இறங்கும். நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். தெரிந்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் கை வைக்கக் கூடாது. சுரண்டிய பித்தளை திரும்ப வராது, அதற்கென்று வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். வெளிச்சுவரை ஒட்டாமல், தரையில் வைக்காமல், மூடிய பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வைத்தால் மழைக்காலம் கடக்கும். தினம் கால் மணி நேரம் வாசிப்பது இதையெல்லாம் விட நல்லது.

அடுத்தது சுருதி. பெரியவர்கள் இதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நாற்பது வயதில் டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடியவர் அறுபத்தாறிலும் அதே கட்டையில், அதாவது அதே சுருதியில், பாடப் பார்ப்பார். மேல் சுரம் வரும்போது கழுத்து நரம்பு புடைக்கும், பிறகு சளி பிடித்துவிட்டது என்பார். சளி இல்லை, கட்டை அதிகம். ஒரு பாட்டு 4 கட்டையில் (F) அச்சாகியிருந்து அதன் உச்சி மேல் ஷட்ஜம் (மேல் ‘ச’) என்றால், 2 கட்டைக்கு (D) இறக்குங்கள். கீபோர்டு என்றால் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனில் மைனஸ் 3; அது அரைச்சுரக் கணக்கு. சபைக்கும் அதுவே சுகம். கலந்து பாடுகிற கூட்டத்தில் 2 கட்டையின் மேல் ஷட்ஜத்துக்கு அப்பால் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். கீர்த்தனைக்கு 1 கட்டையில் ஆரம்பிப்பது வழக்கம். சரணம் மேல்ஸ்தாயி காந்தாரத்தைத் தொடுகிறதென்றால் கீழே இருக்கும் 6½ கட்டைக்கு வந்துவிடலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. இனி டெனரை விட்டுப் பேஸ் (கீழ்க்குரல்) வரிசையில் உட்காரவும் சொல்லிப் பாருங்கள். கோபித்துக்கொள்வார், ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

ஞானப்பாட்டும் கீர்த்தனையும் பெட்டியில் ஒரே மாதிரி வாசிக்கிற பழக்கம் பல சபைகளில் இருக்கிறது. ஞானப்பாட்டு மேல்நாட்டு மெட்டு, நாலு குரலுக்கு எழுதப்பட்டது, அச்சில் உள்ளபடியே வாசிக்கலாம். கீர்த்தனை அப்படி இல்லை. செஞ்சுருட்டி, சங்கராபரணம், மோகனம் ஆகிய ராகங்கள் ஓரளவு பெட்டிக்கு அடங்கும். ஆனந்தபைரவியிலும் தோடியிலும் குரல் வளைகிற இடத்தில் கட்டை வளையாது. அங்கே குரலோடு போட்டி போடாமல் ஷட்ஜம், பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டு, நீளமாக நிற்கும் சுரங்களை மட்டும் தொட்டால் போதும். சபை இழுத்து இழுத்துப் பாடுகிறது என்று எல்லாரும் புலம்புவார்கள். காரணம் பெரும்பாலும் பெட்டிக்காரர்தான்: சபை மெதுவாவதைக் கேட்டு அவரும் மெதுவாகிறார். சத்தத்தைக் கூட்டினால் இது தீராது. இடது கையில் தாளத்தைச் சின்னச் சின்ன வெட்டாக வைக்க வேண்டும், அடி முடிந்ததும் கட்டையை விட்டுவிட வேண்டும். வீட்டில் மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும்) ஆப் போட்டு, பல்லவியை மட்டும் பத்து தடவை வாசித்துப் பழகட்டும். அனுபல்லவி, சரணம் தானே வரும்.

இரண்டு சாமான் பற்றிக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒன்று கண்ணாடி. படிக்கும் கண்ணாடி 35, 40 சென்டிமீட்டர் தூரத்துக்குப் போட்டது. பெட்டியில் வைத்த பாட்டுத் தாள் 55, 60 சென்டிமீட்டரில் இருக்கும். அதனால் அப்பா குனிந்துகொண்டே வாசிப்பார், கழுத்து வலிக்கும், பழி பெட்டிக்குப் போகும். கண் பரிசோதனையில் அந்தத் தூரத்தைச் சொல்லித் தனியாக ஒரு கண்ணாடி எழுதி வாங்குங்கள். மற்றது காது மெஷின், வைத்திருந்தால். ஆர்மோனியத்தின் நீண்ட ஒலியைத் தன் விசில் சத்தம் என்று நினைத்து மெஷின் அதை அமுக்கப் பார்க்கும், சுரம் நடுங்குவதுபோல் கேட்கும். பெட்டியில் கோளாறு தேட வேண்டாம். பாட்டுக்கென்று தனி புரோகிராம் போட்டுத் தரும்படி ஆடியாலஜிஸ்டிடம் கேட்டால் செய்து தருவார்.

படம். காலைச் சாயா முடிந்து 7 மணியிலிருந்து ஒன்பதரை வரை, கிழக்கு ஜன்னல் பக்கம். வெயில் நேராகத் தாளில் விழக் கூடாது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாள்தான் வாங்க வேண்டும், அதற்குக் குறைந்தால் தண்ணீர் பட்டதும் அப்பளம்போல் சுருளும். வட்டத் தூரிகை 4, 8, 12 என மூன்று. வண்ணம் ஆறு டியூப் போதும்: லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, கிரிம்சன், அல்ட்ராமரின், தாலோ நீலம். கிரிம்சனில் அலிசரின் என்று மட்டும் போட்டிருந்தால் வெயில் படும் சுவரில் நாளடைவில் வெளிறிவிடும், பெர்மனன்ட் என்று போட்டதை எடுங்கள்.

பச்சை டியூப் ஏன் இல்லை என்று கேட்பார். குமரியில் எங்கே உட்கார்ந்தாலும் பச்சைதான். டியூப் பச்சையில் தென்னையும் வாழையும் ரப்பரும் ஒரே மரமாகிவிடும். வாழைக்கு லெமன் யெல்லோவும் துளி தாலோவும். தென்னைக்கு ஓக்கரும் அல்ட்ராமரினும். ரப்பர் மரம் தை மாசி வாக்கில் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது செம்புநிறம், அதற்குப் பர்ன்ட் சியன்னா இல்லாமல் முடியாது.

மழைக்காலத்தில் கெடுவது தாள். ஈரம் ஏறினால் தாளின் மேல்பூச்சு போய்விடும், வண்ணம் பொட்டுப் பொட்டாக உள்ளிறங்கிக் கறுக்கும். அதைக் கழுவி எடுக்க முடியாது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சாரல் நாளில் முதல் பூச்சு காய அரை மணிக்கும் மேல் ஆகும். பொறுக்காமல் ஈரத் தூரிகையை வைத்தால் விளிம்பில் நுரை படர்ந்ததுபோல் கறை விழும். அந்த நாட்களைப் பென்சில் கோட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். வெளியே போனால் மாத்தூர் தொட்டிப்பாலம் நல்ல பாடம்: 115 அடி உயரம், வரிசையாகத் தூண்கள், தூரம் போகப் போகக் குறுகும் இடைவெளி. பாலத்தின் மேல் நின்று வரைய முடியாது, கீழே ஆற்றங்கரையில் உட்கார வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனை என்றால் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். முட்டம் கடற்கரையில் காற்று தாளைத் தூக்கும், நாலு மூலைக்கும் கிளிப் வேண்டும்.

கண்ணில் புரை இருந்தால் படம் எல்லாமே பழுப்படித்துப் போகும், அல்லது வரைபவர் தெரியாமலே நீலத்தை அள்ளிப் போடுவார். ஆபரேஷன் ஆனபின் பழைய படங்களைப் பார்த்துத் திகைப்பார்கள். இது கைக்கோளாறு இல்லை.

படம் வரைகிறார் என்று தெரிந்ததும் அறுப்பின் பண்டிகைக்கு (சபையின் அறுவடை நன்றி விழா) வேத வசனத்தைப் பெரிதாக எழுதித் தரச் சொல்லிச் சபையில் ஆள் வரும். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது கணக்கு. 30 அடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் சிரமமின்றி வாசிக்க 3 அங்குல எழுத்து வேண்டும். தமிழ் எழுத்துக்குக் கட்டம் பிரித்துச் சமமாக இடம் விடக் கூடாது. ‘ர’ ஒடுங்கியது, ‘ணை’ அகலம். முழு வரியையும் பென்சிலில் எழுதி, நடுவிலிருந்து இரு பக்கமும் தள்ளிச் சரிசெய்துவிட்டுத்தான் வண்ணம். மேலே புள்ளியும் ‘கி’, ‘கீ’யின் வளைவும் வரும், கீழே ‘ரு’, ‘மு’ இறங்கும் என்பதால் வரிகளுக்கு நடுவே எழுத்தின் முக்கால் உயரமாவது விட வேண்டும்.

பேரப்பிள்ளைகளை ராத்திரி ஏழு மணிக் குடும்ப ஜெபத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். துபாயில் அப்போது ஐந்தரை, பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். போனில் சேர்ந்து பாட முடியாது: ஒலி போய்ச் சேரத் தாமதமாகும், இரு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்து மெதுவாகி மெதுவாகி நின்றுவிடும். பல்லவியைத் தாத்தா பாட, அவர்கள் மைக்கை அணைத்துக்கொண்டு கூடப் பாடட்டும். சரணத்துக்கு அப்படியே மாற்றிக்கொள்ளலாம். ஜூமில் பெட்டிச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டால் ஒரிஜினல் சவுண்ட் என்பதைப் போட வேண்டும். பின்சத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு ஆர்மோனியத்தையும் ஃபேன் இரைச்சல் என்று வெட்டிவிடுகிறது.

ஒன்றைக் கேள்வியில் விட்டுவிட்டீர்கள்: அம்மா. ரிட்டயர் ஆனது அப்பா மட்டும்தான். காலையில் அவர் வரைகிற நேரமும் அடுக்களையில் மீன் வெட்டுகிற நேரமும் ஒன்றுதான். ஏழு மணி ஜெபம் என்றால் கஞ்சியும் கறியும் ஆறரைக்குள் ஆக வேண்டும். அதில் பாதியை அவர் எடுத்துக்கொண்டால்தான் ஏழு மணிக்கு எல்லாரும் பாயில் உட்கார முடியும். தேங்காய் துருவுவதும் மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) உரிப்பதும் கைக்கு நல்ல பயிற்சி என்று சொல்லிப் பாருங்கள்.

டிசம்பரில் கேரல் பவனிக்கு (வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிப் போவது) கூப்பிடுவார்கள். முதல் பத்துப் பதினைந்து வீட்டோடு திரும்பிவிடுவது குரலுக்கு நல்லது. பெட்டியைப் பவனிக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். ராத்திரிப் பனியில் ரீடும் துருத்தியும் ஈரம் வாங்கும், வாலிபர்களிடம் கீபோர்டு இருக்கும்.